துபாய் பார்மசிஸ்ட் தேர்வு: 15 நாள் போதுமா?

கேள்வி: பி.பார்ம். முடித்து ஆறு வருடம் ஆகிறது. குரோம்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. துபாயில் பார்மசிஸ்ட் உரிமத்துக்கு டி.எச்.ஏ. (துபாய் சுகாதார ஆணையம்) நடத்தும் தேர்வு எழுதப்போகிறேன். ரிப்பீட் கேள்விகளை 15 நாள் படித்தால் போதும், அனுபவச் சான்றிதழ் குறைந்தால் 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். எவ்வளவு நாள் படிக்க வேண்டும்?
- வாசகி, சென்னை-44

பதில்: வேலைக்குப் போய்க்கொண்டே தினம் இரண்டு மணி நேரம் படித்தால் மூன்று மாதம். போன வருடம்தான் பட்டம் வாங்கியவர், முழு நேரமும் படிப்பவர் என்றால் ஆறு வாரம்.

தேர்வில் 150 கேள்விகள், 165 நிமிடம். கேள்விக்கு 66 விநாடிதான். கவுன்டரில் நின்றவர்களுக்குப் பிராண்ட் பெயர் அத்துப்படி, ஜெனரிக் பெயர், அதாவது மருந்தின் மூலப்பெயர், தடுமாறும். அமெரிக்கப் புத்தகம் வாங்கினால் பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் ஆகிவிடும், சால்பூட்டமால் ஆல்பியூட்டரால் ஆகிவிடும். முதல் ஆறு வாரம் பார்மகாலஜிக்கு, அதாவது மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்துக்கு. கணக்கை மட்டும் தள்ளிப்போடாமல் தினமும் பத்து போடுங்கள். ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 1000 × 20 ÷ 480, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மணியை நிமிடமாக மாற்ற மறப்பவர்கள்தான் இதில் கோட்டை விடுகிறார்கள்.

ரிப்பீட் கேள்வி என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப்.களில் பாதி இடத்தில் விடையே தப்பு. அதற்குக் காசு வேறு.

அதைவிட ஆபத்து அந்த 'அட்ஜஸ்ட்'. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனமான டேட்டாஃப்ளோ உங்கள் பட்டம், பார்மசி கவுன்சில் பதிவு, வேலை மூன்றையும் கொடுத்த இடத்திலேயே நேராகக் கேட்டுச் சரிபார்க்கும். பொய் தெரிந்தால் துபாயோடு போகாது. சவுதி, கத்தாரிலும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு.

இன்னொன்று. அங்கே வேலை செய்யாமலே, உங்கள் பார்மசிஸ்ட் சான்றிதழை வேறு ஊர்க் கடைக்கு 'வாடகை'க்குக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் அந்தக் கடையின் படிவம் 20, 21 மருந்து விற்பனை உரிமத்தில் பார்மசிஸ்ட் நீங்கள்தான். அதே மாதங்களில் குரோம்பேட்டையிலும் வேலை செய்ததாகச் சான்றிதழ் வைத்தால் ஒருவரே இரண்டு ஊரில் நிற்கிறீர்கள். காலம் மோதாவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மோதினால் அந்த மாதங்களை அனுபவக் கணக்கில் காட்டவே காட்டாதீர்கள். பெயர் இன்னும் அங்கே இருந்தால், விலகியதாக மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். 'ஓனர் பார்த்துக்கொள்வார்' என்று விடாதீர்கள், பார்க்க மாட்டார்.

தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும் வாரத்திலேயே டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நீங்கள் மூன்று மாதத்தில் தயாராகிவிடுவீர்கள். பட்டத்தைச் சரிபார்க்கக் கேட்டு வரும் கடிதம் பல்கலைக்கழகத்தில் எந்த மேசையில் தூங்குமோ, சொல்ல முடியாது. மின்னஞ்சலுக்கு மின்னஞ்சலில் பதில் போட நம் அலுவலகங்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. நேரில் போய்க் கேட்டால்தான் நகரும்.

விண்ணப்பம் போடும் முன் பெயரைப் பாருங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றைச் சேர்த்தே அனுப்புங்கள்.