நானுஓயாவில் “உங்கள் விடுதி மூடிவிட்டது” என்று ஓட்டோக்காரர் சொன்னால்

நம்பாதீர்கள். இலங்கையின் மலைநகரான நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இறங்கும் ரயில் நிலையம்தான் நானுஓயா. நாளை அங்கே ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் விடுதிக்கே தொலைபேசியில் பேசுங்கள், அதன்பிறகு ஓட்டோவில் ஏறலாம். போன தடவை நீங்கள் போனபோது ஓட்டோக்காரர் “பஸ்ஸும் இல்லை” என்று சொன்னதும் அதே பல்லவிதான். பகலில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் உண்டு.

காரணம் பெரும்பாலும் தரகுப் பணம். வேறு விடுதியில் உங்களைக் கொண்டுபோய் இறக்கினால் அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். சென்னையிலிருந்து வந்த என் மைத்துனரையே இப்படி இரண்டு விடுதி சுற்றிக் காட்டினார்கள். தமிழில் இனிக்க இனிக்கப் பேசியதால் நம்பினாராம்!

கூலி பேசும்போது மூன்றையும் கேளுங்கள்: ஆளுக்கா வண்டிக்கா, ரூபாயா டொலரா, பைகளுக்குத் தனியா. தூரம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்தான். நியாயமான கூலி எவ்வளவு என்று விடுதிக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஒன்று: ரயில் தாமதித்து இருட்டிவிட்டால் பஸ்ஸை நம்ப முடியாது. அப்போது விடுதியையே வண்டி அனுப்பச் சொல்லுங்கள். மேட்டுப் பாதை என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மிரட்டினால் பொலிஸ் 119, சுற்றுலா உதவிக்கு 1912.