நூறில் ஆரம்பித்த கணக்கு

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்து 2018-இல் வந்த ‘கிங் லியர்’ படத்தைப் பதினோரு முறை பார்த்துவிட்டேன். லியர் ராஜாவாக வரும் ஆண்டனி ஹாப்கின்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு புத்தி பேதலித்துத் திரியும் காட்சியில் ஒவ்வொரு முறையும் அழுகிறேன். ஃப்ளோரன்ஸ் பியூ நடித்த கடைசி மகள் கார்டிலியாவில் என்னையே பார்க்கிறேன். கணவரும் பிள்ளைகளும் கேலி செய்கிறார்கள். இந்த மாதம் அப்பா எங்கள் முறை. அவர் ஹாலில் படுப்பதால் டிவி போட முடியாமல், அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செல்போனில்தான் பார்க்கிறேன். அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். என் ரசனையை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: கேலி செய்கிறவர்களை விடுங்கள். பதினோரு முறை பார்ப்பதும் அழுவதும் குற்றமில்லை. கார்டிலியாவின் சாவைத் தாங்காமல், நாடகத்தைப் பதிப்பிக்க வேண்டிவந்த நாள்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்காமலே இருந்தார் ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன். 1681-இல் நாஹும் டேட் என்ற நாடகாசிரியர் அவளைப் பிழைக்கவைத்து முடிவையே மாற்றி எழுத, நூறு வருஷத்துக்கும் மேல் மேடைகளில் அதுதான் ஓடியது.

ஆனால் “இந்த மாதம் அப்பா எங்கள் முறை” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நாடகத்தின் முதல் காட்சியில் லியர் செய்துகொள்ளும் ஏற்பாடு என்ன? கார்டிலியாவை விரட்டிவிட்டு, மற்ற இரண்டு மகள்களுக்கும் நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு மகள் வீடு, கூட நூறு வீரர்கள். மூத்தவள் ஐம்பதாகக் குறைக்கிறாள். அடுத்தவள் இருபத்தைந்து போதும் என்கிறாள். பத்து எதற்கு, ஐந்து எதற்கு, கடைசியில் ஒருவர்தான் எதற்கு? அதன் பிறகுதான் கிழவர் புயலில் நிற்கிறார். உங்கள் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் தனக்கென்று அறை இருந்திருக்கும், சாத்திக்கொள்ளக் கதவு இருந்திருக்கும். இப்போது ஹாலில் ஒரு மூலை, அதுவும் ஒரு மாதத்துக்கு. அவர் எப்படி இருக்கிறார், என்ன பேசுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. டிவிக்கு இடைஞ்சலாக மட்டும் வருகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விழித்துக் கிடக்க, நீங்கள் வேறொரு கிழவருக்காக அழுகிறீர்கள்.

கார்டிலியா நீங்கள்தானா? அவள் அப்பாவை மீட்டதும் தூங்கவைத்தாள், மாற்றுடை அணிவித்தாள், கண்விழிக்கும்போது எதிரில் நின்றாள்.

எத்தனையோ வருஷமாக இந்த ‘முறை’க் கடிதங்கள் எனக்கு வருகின்றன. எங்கே இருக்க ஆசை என்று அவரையே கேட்டேன் என ஒருவர்கூட எழுதியதில்லை. பெற்றவரை மாதக்கணக்கில் பங்கு போடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அண்ணனுக்கும் கடமை உண்டுதான். செலவில் பங்கு கேளுங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஆளைப் பங்கு போடாதீர்கள்.

இன்றிரவு செல்போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போங்கள். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். என்மேல் யாருக்குப் பாசம் அதிகம் என்று மகள்களைச் சபையில் வைத்துக் கேட்டதால்தான் லியருக்குப் பொய் கிடைத்தது. “எங்கே இருந்தாலும் சரிம்மா” என்பார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இருங்கள், இன்னொரு தடவை கேளுங்கள். உங்கள் வீடுதான் என்றால், பிள்ளைகளை ஒரே அறையில் படுக்கச் சொல்லி, கதவுள்ள ஓர் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுங்கள். மாதக் கடைசிக்கு முன்னால்.