கவாத்தில் கழியும் மாவிலை மருந்தாகுமா?

கேள்வி: அறுவடைக்குப் பின் என் மாந்தோப்பில் கவாத்து செய்யும்போது (கிளைகளை வெட்டிச் சீராக்கும்போது) இலைகள் ஏராளமாகக் கழிகின்றன. மாவிலைச் சாறு சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்கள். இவற்றை உலர்த்தி மருந்துக்கு விற்கலாமா? வீட்டில் காய்ச்சிக் குடிக்கலாமா? மீதியை மாடுகளுக்குப் போடலாமா?

பதில்: மாவிலையில் மருந்துப் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் கவாத்தில் விழும் இலை முழுவதும் மருந்துக்கு உகந்தது என்று கொள்ள இயலாது. மாவிலையின் முதன்மையான வேதிப்பொருள் மாஞ்சிஃபெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருளாகும். அதனுடன் துவர்ப்புப் பொருள்களான டானின்களும் குவெர்செடின் போன்ற தாவர நிறமிகளும் உள்ளன. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மாவிலைச் சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை இச்சாறு தடுப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆய்வகத் தட்டுகளில் வளர்க்கப்பட்ட சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் அது கட்டுப்படுத்தியிருக்கிறது. எனினும் மாஞ்சிஃபெரின் நீரில் எளிதில் கரையாது. உட்கொண்டாலும் குடலிலிருந்து மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேரும். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் சிறியவையே. ஆகவே எலியிடம் கண்ட பலனை அப்படியே நம் உடலுக்கும் எதிர்பார்ப்பது சரியன்று.

வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் மருந்துப் பொருள் எவ்வளவு இறங்குகிறது என்பது இலைக்கு இலை மாறும். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். இதை நம்பி மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். மாம்பால் பட்டு அல்லது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கொப்பளித்தவர்கள் மாவிலையிலிருந்தும் விலகியிருக்க வேண்டும்; இரு மரங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி விற்பனை குறித்து. முற்றிய இலையைவிட இளந்தளிரில் மாஞ்சிஃபெரின் பொதுவாக மிகுதி; இரகத்தைப் பொறுத்தும் அளவு மாறும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கவாத்துக்குப் பின் வரும் தளிர்தான் முதிர்ந்து, அதன் நுனியில் அடுத்த பருவத்தின் பூங்கொத்தைத் தாங்கும். மருந்துக்கென அத்தளிரைப் பறித்தால், வரும் ஆண்டின் காய்ப்பைக் கையால் கிள்ளி எறிவதாகிவிடும். எனவே காய்க்கும் மரங்களைத் தொடாதீர்கள். ஓரத்தில் சில மரங்களை இலைக்கென்றே ஒதுக்குங்கள். அம்மரங்களுக்குத் தத்துப்பூச்சி, சாம்பல் நோய்க்கான இரசாயனத் தெளிப்புகளைத் தவிர்ப்பதோடு, பூக்கத் தூண்டும் பேக்லோபியூட்ரசாலையும் வேரில் ஊற்றக் கூடாது. அது மண்ணில் நெடுங்காலம் தங்கும். சாறெடுக்கும்போது இலையிலுள்ள இரசாயன எச்சமும் சேர்ந்து செறிவடையக்கூடும் என்பதே என் பெரிய கவலை.

கரும்பூசணமும் கருகல் புள்ளியும் இல்லாத இலைகளைக் கசக்காமல் பறித்து, கழுவி, நிழலில் காற்றோட்டமாக ஒரே அடுக்காகப் பரப்பி, பச்சை நிறம் மாறாமல் கையில் நொறுங்கும் பதம் வரும் வரை உலர்த்துங்கள். குவித்து வைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். வாங்குபவர் எந்த முதிர்ச்சியுள்ள இலையைக் கேட்கிறார், எச்சச் சோதனை கோருகிறாரா என்பதைப் பறிக்கும் முன்பே எழுத்தில் பெறுங்கள். உலர் இலையை இலையாகவே விற்கலாம். நோயைத் தீர்க்கும் என்று பொட்டலத்தில் எழுத வேண்டாம்.

மாடுகளுக்கு மருந்து தெளிக்காத இலையைப் பசுந்தீவனத்துடன் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். டானின் மிகுந்தால் புரதச் செரிமானம் குறையும். மாவிலையை மட்டுமே தின்னக் கொடுத்து, மாட்டின் சிறுநீரிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்த பழைய வழக்கத்தைப் பற்றி 1883-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, அந்த மாடுகள் நலிந்து காணப்பட்டதாகக் கூறுகிறது. மருந்து தெளித்த மரங்களின் இலையைத் தொட்டியில் போடாமல் மட்கவிடுங்கள்.