கள்ளத் தொடர்பைப் பற்றிய திரில்லரில், உண்மை முதலிலேயே தெரிந்தும் ஏன் பதறுகிறோம்?

இந்த வகைப் படத்தில் யார், யாரோடு என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். எப்போது பிடிபடுவார் என்றுதான் காத்திருக்கிறோம். நமக்குத் தெரிந்தது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு வீடே சைவமாக இருக்க, வெளியே ஆட்டிறைச்சிக் கொத்து சாப்பிட்டுவிட்டு வருபவரை நினையுங்கள். படலையடியில் கையை மணந்து பார்ப்பார். அம்மா சும்மா "எங்கை போனனி?" என்றாலே நெஞ்சு திக்கென்கும். இப்படங்களில் தொலைபேசி மணிகூட மிரட்டுவது அதனால்தான்.

இவை துரோகத்துக்குக் கொடி பிடிக்கின்றன என்பார்கள். சரி, 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்தைப் பாருங்கள்: வெளியிடும் முன் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால் முடிவையே மாற்றி, காதலியைக் கொன்று குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். தப்பு செய்த கணவன்தான் லேசாகத் தப்பிவிட்டான்.