முதல் தெரிவை யார் எழுதுவது?

ஐயா,

நாங்கள் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். மகள் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற அவளுடைய இசட் புள்ளி, போன வருடம் திருகோணமலைக்கு மருத்துவத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியைவிடக் குறைவு. என் கணவர், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெடிசின் மட்டும் போடு, கிடைக்காவிட்டால் திரும்ப எழுது என்கிறார். என் அண்ணா, கிடைக்கக்கூடியதை மேலே போடு, இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார். மகள் ஒன்றும் பேசுவதில்லை. நான் ஓ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

'மகள் ஒன்றும் பேசுவதில்லை' என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் அண்ணா சொன்னதைப் பார்ப்போம். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆனால் அது பிழை.

வெட்டுப்புள்ளி யாரும் முன்கூட்டியே போட்டு வைக்கிற கோடு அல்ல. ஒரு துறைக்கு மாவட்டத்தில் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் இசட் புள்ளிதான் அது. இடங்கள் நிரம்பிய பிறகுதான் தெரியவரும், வருடா வருடம் மாறும். கூடிய புள்ளிக்காரரிலிருந்து கீழே வருவார்கள். ஒரு பிள்ளையின் முறை வரும்போது, அது எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, எதில் முதலில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். ஆகவே கடினமானதை மேலே எழுதினால் கீழே உள்ளதற்கு ஒரு குறையும் வராது. மாறாக, எளிதாகக் கிடைப்பதை மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே அவள் ஆசைப்பட்டது இருந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். பிடித்தது மேலே, அடுத்துப் பிடித்தது அடுத்து. அவ்வளவுதான் கணக்கு.

பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் நம் திருகோணமலையும் ஒன்று. அதனால் கொழும்பில் இருக்கிற உறவினர் சொல்லும் புள்ளிக் கணக்கை வைத்து மனம் உடையாதீர்கள்.

உங்கள் கணவரின் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். ஆனால் திரும்ப எழுதுவதற்காக இந்த முறை மெடிசினோடு மட்டும் நிறுத்துவது, கையில் இருக்கும் ஒரு வாய்ப்பைக் கடலில் போடுவது. விண்ணப்பிப்பது வேறு, இடம் கிடைத்தபின் பதிவது வேறு. பதிந்தால் பிறகு என்ன கட்டுப்பாடு என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவரே உரத்து வாசிக்கட்டும். மெடிசின் மேலே இருக்கட்டும், அவளுக்கும் அதுதான் ஆசை என்றால்.

அதுதானே தெரியவில்லை. என் மகன் விண்ணப்பித்த வருடம் அவனும் இப்படித்தான் வாய் திறக்கவில்லை. கேட்டால் 'நீங்கள் சொல்லுங்கோ அப்பா' என்பான். பழைய கலண்டர் தாளைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு துறையையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் எழுதினேன். ஒரே துறை இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு துண்டு. விண்ணப்பத்திலும் அவை வேறு வேறு இலக்கம்தான். துண்டு பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினோம். பாயில் பரப்பிவிட்டு, நீயே அடுக்கு என்று சொல்லி நானும் அவன் அம்மாவும் குசினிக்குப் போய்விட்டோம். தேத்தண்ணியோடு திரும்பி வரும்போது மருத்துவத்தை நாலாவதாகத் தள்ளியிருந்தான். ஒரு துண்டை மட்டும் வைக்காமல் கையில் பொத்திக்கொண்டிருந்தான். விவசாயம். நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறான். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உங்கள் பாயில் சித்த மருத்துவத் துண்டும் இருக்கட்டும். அதைப் படிப்பிக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் இருப்பது நிலாவெளி வீதியில், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். 'அது என்ன டொக்டரா' என்று கேட்கிற ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தாதியியல், விவசாயம், விஞ்ஞானம் எல்லாம் வரட்டும். இடத்தையும் பாருங்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. சில துறைகளுக்கு, அதற்கேற்ற திறமை இருக்கிறதா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் தனி விண்ணப்பமும் உண்டு, அதன் முடிவுத் திகதி வேறாக இருக்கும்.

ஓ.எல்லோடு நின்றவள் என்கிறீர்கள். உங்களால்தான் முடியும் வேலைகள் இருக்கின்றன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெறுபேற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், பிழையிருந்தால் திருத்த நாளெடுக்கும். இன்டர்நெட் கடையில் நிரப்புவதானால் கடைக்காரரின் ஈமெயிலையோ போன் நம்பரையோ கொடுக்கவிடாதீர்கள், மகளுடையதுதான் இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப ஏதும் இருந்தால் கடைசி நாளுக்கு வைக்காமல் பதிவுத்தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

சனிக்கிழமை கலண்டர் தாளைக் கிழித்து வையுங்கள். மகள் அடுக்கி முடித்த பிறகு கணவரைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரச் சொல்லுங்கள், ஒரு துண்டையும் தொடாமல்.