‘&’ ஏன் எட்டாகிப் போகிறது?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை உறைகளில் கர்சிவ் எழுத்தில் பெயர் எழுதிக் கொடுக்கிறேன். தொட்டு எழுதும் நிப் பேனாதான். மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது; ‘மிஸ்டர் & மிஸஸ்’ நடுவில் வரும் ‘&’ மட்டும் எட்டு மாதிரியே விழுகிறது. அதற்கு ‘அட்வான்ஸ்ட்’ வகுப்பு இருக்கிறது, 8,000 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: சேராதீர்கள். ஒரு குறிக்கு எட்டாயிரம் ரூபாயா!

உங்கள் கையில் கோளாறு இல்லை. தொடங்கும் இடம்தான் தப்பு. பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவதுபோல் வலது கீழ் மூலையில் ஆரம்பித்து மேலே ஏறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கூர்முனை நிப் கீழே இறங்கும்போது மட்டும்தான் அழுத்தம் தாங்கும். ஏறும்போது அழுத்தினால் முனை காகிதத்தில் குத்தி மசி தெறிக்கும். ‘&’ குறிக்கு முதுகெலும்பே இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் அந்தத் தடித்த சாய்கோடுதான். நீங்கள் அதில் ஏறிப்போவதால் அது மெலிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது இரண்டு சுழி. அதைத்தானே எட்டு என்கிறோம்?

எதிர்த்திசையில் போடுங்கள். வலப்பக்கம், குறியின் பாதி உயரத்தில் நிப்பை வையுங்கள். அழுத்தாமல் இறங்கி, அடிக்கோட்டைத் தொட்டு, இடப்பக்கம் சுற்றி ஏறுங்கள். அப்படியே வலப்பக்கம் சாய்ந்து மேலே போய், உச்சியில் இடப்பக்கம் திரும்பிச் சின்னச் சுழி. இதுவரை எல்லாம் மயிரிழைக் கோடு. இனி அழுத்துங்கள்: சுழியின் இடப்பக்கத்திலிருந்து வலது கீழ் நோக்கி ஒரே இறக்கம். அடிக்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே அழுத்தத்தை விட்டுவிடுங்கள். வால், முதலில் போட்ட கோட்டை வெட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றால் மறுபடி எட்டுதான்.

அளவும் முக்கியம். சிறிய எழுத்தின் உயரம் 4 மி.மீ. என்றால் குறிக்கு 10 மி.மீ.; கீழ்ச் சுழிக்கு 6, மேல் சுழிக்கு 4. இரண்டும் சமமாக இருந்தால் எந்தப் பக்கம் தொடங்கியும் பயன் இல்லை. எச்.பி. பென்சிலில் இரண்டு பக்கம் போட்டுப் பழகிவிட்டு மசியைத் தொடுங்கள்.

இதைவிடச் சுலபமான வடிவம் ஒன்று உண்டு. ‘எட்’ என்றால் லத்தீனில் ‘மற்றும்’. அதன் இ (E), டி (T) என்ற இரண்டு எழுத்தும் ஒட்டிப்போனதுதான் இந்தக் குறி. எனவே கர்சிவ் பெரிய ‘இ’யைப் போட்டு, அதன் வாலை மேலே ஏற்றி நிறுத்துங்கள். நிப்பை எடுத்துவிட்டு, ‘டி’யின் தண்டை மேலிருந்து இறக்குங்கள், குறுக்குக்கோடு கடைசியில். நிப்பை எடுக்காமல் ஏறின வழியிலேயே இறங்கினால் முனையில் மசி குளமாகத் தேங்கும். நாலு கோடு நோட்டில் வருடக்கணக்கில் கர்சிவ் எழுத வைக்கிறார்கள், இதை ஒரு வரி சொல்லித் தருவதில்லை. இங்கிலாந்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் நெடுங்கணக்கின் கடைசியில் ‘அண்ட் பெர் சே அண்ட்’ (தனியாக நின்றால் ‘அண்ட்’) என்று இதையும் சேர்த்துத்தான் ஒப்பித்தார்கள். அது மருவித்தான் ‘ஆம்பர்சண்ட்’ என்று பெயரே வந்தது. நம் நோட்டு ‘இஸட்’டோடு முடிந்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு: தமிழ் உறை. ‘திரு & திருமதி’ என்று எழுதும்போது மேலே சொன்ன சாய்ந்த குறியைப் போடாதீர்கள். தமிழ் எழுத்து நிமிர்ந்து நிற்பது. நடுவில் ஒன்று மட்டும் சாய்ந்தால் விழப்போவதுபோல் தெரியும். குறியை நிமிர்த்துங்கள். ‘தி’யின் கொக்கி எட்டும் உயரத்தைத் தாண்ட வேண்டாம். வாலையும் நீட்டாதீர்கள், பக்கத்து ‘தி’யில் போய் இடிக்கும். தடிமனும் குறைய வேண்டும். தமிழை ஒரே கனத்தில் எழுதிவிட்டு இதை மட்டும் தடித்தும் மெலிந்தும் போட்டால் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் சரி என்றால் ‘குடும்பத்தினர்’ என்று போட்டுவிடுங்கள். குறியே தேவைப்படாது.

மசி விஷயம். உறையின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள் தடவுவார்கள். ஃபவுண்டன் பேனா மசியில் எழுதியிருந்தால் மஞ்சள் பட்ட இடத்தில் பெயர் கரைந்து ஓடும். தண்ணீருக்குக் கரையாத ‘இந்தியன் இங்க்’ என்ற மசி வாங்குங்கள். அதை ஃபவுண்டன் பேனாவில் மட்டும் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் மசி முத்து முத்தாக நிற்கும். வேலை முடிந்ததும் துடைத்துக் காயவையுங்கள். சென்னைக் காற்றுக்கு இரும்பு நிப் ராத்திரியோடு துருப்பிடிக்கும்.

இனி அந்த வகுப்பு. ‘கிட்’ என்று தலையில் கட்டுவதில் பெரும்பாலும் பெயரில்லாத நிப்பும், கம்ப்யூட்டர் எழுத்தை அச்சடித்து மேலே வரையச் சொல்லும் தாளும்தான் இருக்கும். அச்சு வடிவத்தின் மேல் வரைந்தால் கோட்டின் ஓரம்தான் பழகும், எந்தத் திசையில் கை போக வேண்டும் என்பது பழகாது. உங்கள் எட்டுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். சான்றிதழ் வேறு தருவார்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர் அதையா பார்ப்பார்? எழுதின உறையைக் காட்டு என்பார். அந்தக் காசில் ‘நிக்கோ ஜி’ என்ற கூர்முனை நிப் ஒன்றும் வழுவழுப்பான 100 ஜி.எஸ்.எம். தாளும் வாங்கிவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நடுவில் ஆர்டர் பிடித்துத் தரும் ஆள் இருந்தால் இன்னும் உஷார். உறைக்கு இவ்வளவு என்று பேசுவார், கெட்டுப்போன உறைக்கு உங்கள் கூலியில் பிடிப்பார், மீதியைக் கல்யாணம் முடிந்து தருகிறேன் என்பார். 300 உறை எழுத வேண்டுமென்றால் 330 உறையாக வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பணம் முன்கூட்டியே. முதல் உறையை எழுதிக் காட்டி, அதன் பின்புறத்தில் கல்யாண வீட்டாரிடமே கையெழுத்து வாங்குங்கள், தரகரிடம் அல்ல.