கேளுங்க, சொல்றோம்: மீட்டிங்ல ஏன் யாரும் வாயைத் திறக்கிறதில்ல?

கேள்வி: டீம் லீடா ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு. வாராவார மீட்டிங்ல யார் என்ன தப்பு பண்ணாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன், ஒளிவுமறைவு இருக்கக் கூடாதுன்னுதான். இப்ப ஒருத்தரும் பேசுறதில்ல. ட்ரெய்னிங் எடுக்க வந்தவர், அவமானமும் அடியும் மூளைக்கு ஒண்ணுதான்னு சொன்னார். இது நிஜமா?

பதில்: பாதி நிஜம். அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2003ல நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், கிப்ளிங் வில்லியம்ஸ் மூணு பேரும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க. மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கேனருக்குள்ள படுத்துக்கிட்டே ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பந்து தூக்கிப் போடுற விளையாட்டு ஆடுறார், கூட இன்னும் ரெண்டு பேர் ஆடுறாங்கன்னு நம்புறார், ஆனா அது வெறும் ப்ரோக்ராம், கொஞ்ச நேரத்துல அந்த ‘ரெண்டு பேரும்’ தங்களுக்குள்ளயே பந்தைப் போட்டுக்கிட்டு இவரைக் கழட்டி விட்டுடுறாங்க. அப்ப உடம்பு வலியில வேலை செய்ற, முன் சிங்குலேட்னு சொல்ற மூளைப் பகுதி இவருக்கும் வேலை செஞ்சுது. ரொம்ப அழகான ஆய்வு, ஆனா கலந்துக்கிட்டது 13 பேர்தான். தவிர அந்தப் பகுதி இன்னும் எத்தனையோ வேலைக்கும் துடிக்கும். 2014ல வந்த இன்னொரு ஆய்வுல, அதே இடத்துக்குள்ளயே உடம்பு வலிக்கு ஒரு பேட்டர்ன், நிராகரிப்புக்கு வேற பேட்டர்ன்னு பிரிச்சே காட்டிட்டாங்க. அதனால ‘ஒண்ணுதான்’னு சொல்றது ஓவர்.

உங்க மீட்டிங்குக்கு இதைவிட நேரா பொருந்துறது வேற. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 2004ல, மனுஷங்களை லேப்ல டென்ஷன் பண்ணிப் பார்த்த 208 ஆய்வுகளை ஒண்ணா வச்சு அலசினாங்க. ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிசால் எப்ப ரொம்ப ஏறுதுன்னா, நம்மளை நாலு பேர் எடை போடுறாங்க, நம்மால அதை ஒண்ணும் பண்ணவும் முடியலன்ற நிலைமை, இந்த ரெண்டும் சேர்றப்பதான். இப்ப உங்க மீட்டிங்கை நெனச்சுப் பாருங்க, எல்லார் முன்னாடியும் பேர் சொல்றீங்க, தப்பும் ஏற்கனவே நடந்து முடிஞ்சது, அவர் அங்க உட்கார்ந்து என்ன பண்ண முடியும்? கட்டுப்படுத்த முடியாத ஸ்ட்ரெஸ் வந்தா மூளையோட முன்பகுதி, அதாவது யோசிக்கிறது, விஷயத்தை மனசுல நிறுத்தி அலசுறது எல்லாம் நடக்குற இடம், அது பலவீனம் ஆகுதுன்னு மூளை ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷமா காட்டிட்டு வர்றாங்க. உங்களுக்கு அவங்க யோசனை எப்ப ரொம்ப தேவையோ அப்பவே அதை நீங்களே அணைச்சுடுறீங்க.

ஒளிவுமறைவு வேணாம்னு நீங்க நினைக்கிறது ரொம்ப நல்ல விஷயம், அதை விட்டுடாதீங்க. பிரச்சினையை எல்லார் முன்னாடியும் வைங்க, ஆளை மட்டும் தனியா கூப்பிட்டுப் பேசுங்க. மீட்டிங்ல ‘இந்த ஃபைல் எந்த ஸ்டெப்ல செக் ஆகாம போச்சு’ன்னு கேளுங்க. தனியா பேசுறப்பவும் வேலையைப் பத்தியே பேசுங்க, ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’னு ஆரம்பிச்சா போச்சு. க்ளூகரும் டெனிசியும் 1996ல ஃபீட்பேக் பத்தின ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்ப, மூணுல ஒரு பங்குக்கும் மேல ஃபீட்பேக் வேலையைக் கெடுத்துதான் இருக்கு, கவனம் வேலைய விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ங்கிற பக்கம் போனா பலன் குறையுதுன்னு அவங்க முடிவு. வெறும் பாராட்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: லீடர் சிரிச்சா டீமும் சிரிக்கும், அதுக்கு மிரர் நியூரான்தான் காரணம்னு சொல்றாங்களே?

பதில்: மிரர் நியூரான்னா, ஒரு வேலையை நாமளே செய்றப்பவும், அடுத்தவங்க அதைச் செய்றதைப் பார்க்கிறப்பவும் துடிக்கிற மூளை செல். அதை 1990கள்ல இத்தாலியில பார்மா நகரத்துல ரிசோலாட்டிங்கிற விஞ்ஞானியோட குழு கண்டுபிடிச்சது மக்காக் குரங்குகள்கிட்ட, அதுவும் கையால ஒண்ணை எடுக்கிற மாதிரி அசைவுகளுக்கு. ஒருத்தர் மூட் இன்னொருத்தருக்குத் தொத்துறது உண்மைதான், ஆனா அதை இந்த நியூரான் தலையில கட்டுறதுக்கு ஆதாரம் பத்தாது.

கேள்வி: எங்க டிபார்ட்மென்ட்டைப் பிரிக்கப் போறாங்க. முடிவாகாம சொன்னா பயப்படுவாங்கன்னு நான் வாயே திறக்கல. சரிதானா?

பதில்: தயவுசெஞ்சு சொல்லிடுங்க. அரசல்புரசலா அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். 2016ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு ஆய்வு, கையில லேசா ஷாக் வரும்னு தெரிஞ்சவங்களைவிட, வரலாம் வராமலும் போகலாம்னு 50 சதவீத வாய்ப்புல இருந்தவங்களுக்குத்தான் ஸ்ட்ரெஸ் அதிகமா இருந்துச்சு. கெட்ட செய்தியைவிட, தெரியாம தவிக்கிறதுதான் ஆளைக் கொல்லும். முடிவு உங்க கையில இல்லன்னாலும், எது முடிவாகிடுச்சு, எது இன்னும் ஆகல, அடுத்த தகவல் எந்தத் தேதியில சொல்வீங்க, இந்த மூணும் உங்க கையிலதான் இருக்கு. அந்தத் தேதி வர்றப்ப புதுசா ஒண்ணும் இல்லன்னாலும் கூப்பிட்டு, ‘இன்னும் ஒண்ணும் முடிவாகல’ன்னாவது சொல்லிடுங்க.